பூண்டுலோயாவில் பிறந்த மூன்று எண்கள்

8, 81, 11. ஈறு நோயைப் பற்றிப் படிக்கிற பல் மருத்துவ மாணவர் சென்னையில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் என்றாவது ஒருநாள் இந்த மூன்று எண்களைக் கடந்துதான் போகவேண்டும். பல் துலக்காமல், சிகிச்சை எதுவும் காணாமல் வாயை அப்படியே விட்டுவிட்டால் நூறு பேரில் சுமார் 8 பேருக்கு நோய் பற்களை வேகமாகக் கொண்டுபோகும். 81 பேருக்கு மெல்ல மெல்ல முன்னேறும். 11 பேருக்கு ஈறு சிவந்து வீங்கியதோடு நின்றுவிடும். பாடப்புத்தகம் இதைச் சொல்லிவிட்டு, ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்’ என்று மூன்று சொல்லைப் பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

அந்த மூன்று சொல்லுக்குள் இருப்பவர்கள் எங்கள் மலையகத்து ஆண்கள். நுவரெலியா மாவட்டத்தில் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ என்ற தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். ஈறு அழற்சியில் உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் என்ன செய்கின்றன, எப்போது காக்கின்றன, எப்போது கெடுக்கின்றன என்ற இன்றைய ஆராய்ச்சியின் பெரிய கேள்விக்கு அவர்களுடைய வாய்தான் உரம் போட்டது. அது நேர்ந்த விதம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1926இல் நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், 1960களில் ஓர்ஹூஸ் நகரின் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஈறு வீங்குவதற்கு அன்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வைட்டமின் குறைவு என்றார்கள், வயது என்றார்கள், பல்லில் படியும் காரை உறுத்துவதால் என்றார்கள். லோவும் அவருடைய தோழர்களும் ஈறும் பல்லும் நலமாக இருந்த 12 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பல் துலக்குவதை நிறுத்துங்கள் என்றார்கள், அவ்வளவுதான். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. பல்லின் மேல் படிந்த கிருமிப் படலத்தை நாளுக்கு நாள் எடுத்துப் பார்த்தபோது முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு இழை போன்றவை, கடைசியில் சுருள் கிருமிகள் என்று ஒரு வரிசை தெரிந்தது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சில நாளில் ஈறு பழையபடி ஆனது. 1965இல் வெளியான இந்தச் சோதனை, ஈறு அழற்சிக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது.

ஆனால் அது மூன்று வாரக் கதை. அதற்கு மேல் என்ன ஆகும்? சிவந்த ஈறு பத்து ஆண்டு, இருபது ஆண்டு அப்படியே விடப்பட்டால் எல்லோருக்கும் எலும்பு கரைந்து பல் விழுமா? அன்றைய பொதுவான எண்ணம், ஆம், விழும் என்பதுதான். அதைச் சோதிக்க டென்மார்க்கிலோ நோர்வேயிலோ வழியில்லை. ஒஸ்லோவில் 1930களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான பல் சிகிச்சை கிடைத்துவந்தது. துலக்காத வாயை அங்கே தேடினாலும் கிடைக்காது.

நோர்வேக்காரர்களுக்கு இலங்கை புதிய இடமும் அல்ல. யென்ஸ் வேர்ஹவுக் என்ற இன்னொரு நோர்வே அறிஞர் ஏற்கனவே இங்கு வந்து ஈறு நோயைக் கணக்கெடுத்திருந்தார். வெற்றிலை, புகையிலை, ஊட்டக்குறைவு, இனம், வருமானம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த அவருடைய இறுதி அறிக்கை 1967இல் வந்தது.

அந்தத் தடத்தில்தான் லோ, ஒகே ஒனெருட், ஹான்ஸ் பொய்சன் ஆகியோரின் குழு மலையகத்துக்கு வந்தது. 1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வித்துறையினரையும் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். 1970இல் இந்த இரண்டு தோட்டங்களிலும் 14 வயதிலிருந்து 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களை மறுபக்கம் எடுத்துக்கொண்டார்கள். மலையகத்தைத் தேர்ந்ததற்கு ஆய்வே காரணம் சொல்கிறது. இவர்கள் உடல்நலமுள்ள இளைஞர்கள். பல் துலக்கும் வழக்கமான முறை எதுவும் இவர்களிடம் இல்லை. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ இவர்களை எட்டியதில்லை. இன்னொன்று முக்கியம்: இவர்களுக்குப் பற்சூத்தை அநேகமாக இல்லை. அதனால் ஒரு பல் விழுந்தால் அது ஈறு நோயால்தான் விழுந்தது என்று தயங்காமல் கணக்கு எழுதலாம்.

மில்லிமீட்டர் குறித்த மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே இறக்கி, ஈறு பல்லை விட்டு எவ்வளவு தூரம் கீழே போயிருக்கிறது என்று அளந்தார்கள். ஈறு இரத்தம் கசிகிறதா என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். இந்த மதிப்பெண் முறையும் லோ 1963இல் உருவாக்கியதுதான். 1971, 1973, 1977, 1982, 1985 என்று குழு திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து அதே பற்களை அளந்தது.

அந்த ஆண்டுகள் மலையகத்துக்கு எப்படிப்பட்டவை என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து எழுதிவிட்டன. அப்போது முடிவு செய்யாமல் விட்ட 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிறந்த லயத்தை விட்டு, தலைமன்னார் வழியாகக் கப்பலேறிக் குடும்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. பிறகு தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977, 1981, 1983இல் வன்செயல்கள். 1970இல் 480 பேராகத் தொடங்கிய குழுவில் 1985இல் அளக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். மருத்துவக் கட்டுரைக்கு அது மாதிரி அளவு குறைந்த கணக்கு. மலையகத்து ஆளுக்கு அந்த இடைவெளி வேறொன்றையும் சொல்லும்.

1986இல் முடிவு வெளியானது. எல்லோருடைய பல்லிலும் படலம் இருந்தது, காரை இருந்தது, எல்லோருடைய ஈறும் அழற்சியில் இருந்தது. அங்கே வேறுபாடே இல்லை. ஆனால் அதற்கு அடியில் நடந்தது மூன்று விதம். வேகமாகக் கெட்ட அந்த 8 விழுக்காட்டினர் 35 வயதை எட்டியபோது ஈறு சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்குப் பிடியை இழந்திருந்தது. 12 பற்கள் போய்விட்டன. 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் வாயில் ஒன்றுமில்லை. நடுவில் இருந்த 81 விழுக்காட்டினருக்கு 35 வயதில் இழப்பு 4 மில்லிமீட்டர். 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 11 விழுக்காட்டினருக்கு 35 வயதிலும் இழப்பு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. அவர்கள் அநேகமாகப் பல்லை இழக்கவே இல்லை.

இந்த முடிவின் முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரே மலை, ஒரே தண்ணீர், ஒரே ரொட்டியும் தேத்தண்ணியும், ஒரே மாதிரிக் காம்பரா. துலக்காத பல்லும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒருவன் நாற்பத்தைந்தில் பல் இல்லாமல் நிற்கிறான், பக்கத்துக் காம்பராக்காரன் முழுப் பல்லோடு நிற்கிறான். அழுக்குத்தான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தானே நடந்திருக்க வேண்டும்? கிருமி நோயைத் தொடக்கிவைக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதில் பெரும்பங்கு, கிருமியைப் பார்த்து உடல் காட்டும் எதிர்வினையின் கையில் இருக்கிறது. உலகத்தின் பார்வையைக் கிருமியிலிருந்து ஆளின் உடலுக்குத் திருப்பியதில் பூண்டுலோயாவின் பங்கு இதுதான். ஒரு மருத்துவக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான பிறப்பு அரிது என்பது என் எண்ணம்.

உடலின் எதிர்வினை என்றால் அதைச் செய்வது யார்? வெண்குருதிக் கலங்கள்.

பல்லும் ஈறும் சேரும் இடம் நம் உடலில் ஒரு விசித்திரமான வாசல். தோலைத் துளைத்துக்கொண்டு கடினமான ஒரு பொருள் வெளியே நிற்பது வேறெங்கும் இப்படி இல்லை. அந்தச் சந்தில் இருக்கும் மேற்தோல் மெலிதானது, கலங்களுக்கு இடையே இடைவெளி விட்டது. அந்த இடைவெளி வழியாக நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் இரவும் பகலும் வாய்க்குள் வந்தபடி இருக்கின்றன. அழற்சியே இல்லாத நல்ல ஈறிலும் இந்த வரத்து உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 30,000 கலங்கள் என்று கணக்கிட்டவர்களில் லோவும் ஒருவர். அந்தக் கட்டுரை வந்ததும் 1970இல்தான்.

படலம் தடித்தால் வரத்து கூடும். நியூட்ரோபில் கிருமியை விழுங்கும், நச்சு வேதிப்பொருளைக் கொட்டும், தன் மரபுப்பொருளையே வலையாக விரித்துக் கிருமியைச் சிக்கவைக்கும். எலும்பு மச்சையில் பிறந்து குறுகிய காலமே வாழும் கலம் அது. அது கக்கும் நொதிகள் ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஈற்றைப் பல்லோடு கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரையும் அவை அறுக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால், தீ பரவாமலிருக்கப் பக்கத்துக் காம்பராவின் கூரைத் தகரத்தையும் பிடுங்கிப்போட வேண்டி வருமே, அந்த நிலைதான் ஈறுக்கும். தீ உடனே அணைந்தால் தகரத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் எரிந்தால் வீடே மிஞ்சாது.

எந்தக் கலம் எப்போது வருகிறது என்ற கால அட்டவணையை 1976இல் எழுதிக்கொடுத்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த ரோய் பேஜும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்த ஹூபர்ட் ஷ்ரோடரும். படலம் சேரத் தொடங்கி 2 முதல் 4 நாளில் நியூட்ரோபில்களின் கூட்டம். ஒரு வாரத்தை ஒட்டி லிம்போசைட்டுகள், அதிலும் முக்கியமாக டி கலங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிறபொருளெதிரி தயாரிக்கும் பிளாஸ்மா கலங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நான்காவது கட்டத்தில் எலும்பு கரைகிறது. ஓர்ஹூஸில் 12 பேரின் ஈறு சிவந்தபோது திசுவுக்குள் நடந்தது என்ன என்பதற்கு இந்த அட்டவணை விடை. இதிலே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது: மூன்றாம் கட்டம் வந்துவிட்டால் நான்காவது வந்தே தீரும் என்பதில்லை. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். பூண்டுலோயாவின் 11 விழுக்காட்டினர் அதற்கு உயிருள்ள சாட்சி.

மூன்றிலிருந்து நான்குக்குத் தள்ளுவது எது? 1979இல் அவுஸ்திரேலியரான கிரெகரி சீமோர் ஒரு கருதுகோளை வைத்தார். திசுவில் டி கலங்கள் மேலோங்கியிருக்கும்வரை அழற்சி கட்டுக்குள் நிற்கிறது. பி கலங்களும் அவற்றிலிருந்து வரும் பிளாஸ்மா கலங்களும் மேலோங்கும்போது நோய் முன்னேறுகிறது என்றார். பிற்கால ஆய்வுகள் இதை அப்படியே ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஆனால் ஒன்று உறுதியானது. டி, பி கலங்கள் இரண்டும் ‘ராங்க் இணைப்பி’ என்ற புரதத்தைக் காட்டும். அந்தப் புரதம் எலும்பை அரிக்கும் கலங்களை முதிரவைக்கும். எலும்பைக் கரைக்கும் உத்தரவு கிருமியிடமிருந்து நேராக வருவதில்லை. நம்முடைய கலங்கள்தான் அதைப் பிறப்பிக்கின்றன.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் லோவின் சொந்த வாழ்க்கையோடு சேர்ந்தது. அவர் அமெரிக்கா போய், 1983 முதல் 1994 வரை பெதெஸ்டாவில் உள்ள தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அவருக்குப் பல ஆண்டு பின், அதே நிறுவனத்தில் நிக்கி முட்சோபுலோஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ‘டி.எச். 17’ என்ற வகை டி கலத்தைப் பின்தொடர்ந்தது. பிறவியிலேயே நியூட்ரோபில்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாத அபூர்வக் குறை ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஈறு நோய் கடுமையாக வந்து பல் விழும். காவலுக்கு ஆளில்லாததால் கிருமி தின்றுவிடுகிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2014இல் இந்தக் குழு காட்டியது வேறு. நியூட்ரோபில் வந்து சேராதபோது, ‘போதும், நிறுத்து’ என்ற செய்தியும் திசுவுக்கு வருவதில்லை. அதனால் இன்டர்லூகின்–17 என்ற அழற்சித் தூதுப்பொருள் கட்டின்றிப் பெருகுகிறது. பல்லைக் கொண்டுபோவது அந்தப் பெருக்கம். அதைத் தூண்டும் பாதையை மறிக்கும் மருந்தை இப்படியொரு நோயாளிக்குக் கொடுத்தபோது ஈறு அழற்சி அடங்கியதை 2017இல் வெளியிட்டார்கள்.

அதே ஆண்டில் இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலியின் ஈறிலும் டி.எச். 17 கலங்கள் இருந்தன. மென்மையான உணவு கொடுத்தால் அவை குறைந்தன, கடின உணவு கொடுத்தால் கூடின. அதாவது மெல்லும்போது ஈறில் படும் சிறு சிராய்ப்புகளே இந்தக் கலங்களைப் பழக்கி வளர்க்கின்றன. மற்ற இடங்களில் கிருமி கற்றுக்கொடுக்கும் பாடத்தை ஈறுக்கு மெல்லுதல் கற்றுக்கொடுக்கிறது. இந்தக் கலம் அளவோடு இருந்தால் ஈற்றைக் காக்கும். கெட்ட கிருமிக் கூட்டம் அதைத் தூண்டி மிகைப்படுத்தினால் எலும்பைத் தின்னும்.

2010இல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் பூண்டுலோயாவுக்கு வந்தார்கள். லோ அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். 480 பேரில் 75 பேரை மட்டும் மறுபடி பரிசோதிக்க முடிந்தது. 1970இல் பதினான்கு வயதுப் பையனாக வாயைத் திறந்து காட்டியவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு. 2017இல் அச்சான நாற்பது ஆண்டுக் கணக்கின் ஆசிரியர் பட்டியலில் ஒனெருட் இருக்கிறார், கிரெகரி சீமோரும் இருக்கிறார். 30 வயதில் ஈறின் பிடியிழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர், 60 வயதில் குறைந்தது 20 பற்களோடு இருக்கக்கூடியவர் என்று அந்தக் கட்டுரை கணித்துச் சொல்கிறது. முப்பதுக்கு முன்பே காரையை எடுப்பதும், ஈறு அழற்சியை அடக்குவதும், புகையை விடுவதும்தான் பல்லைக் காக்கும் என்பது அதன் முடிவு. 2018இல் உலக அளவில் வெளியான புதிய வகைப்பாடு, ஈறு நோயை அது முன்னேறும் வேகத்தை வைத்து மெதுவானது, நடுத்தரமானது, வேகமானது என்று மூன்று தரமாகப் பிரிக்கிறது. டன்சினனிலும் ஹெரோவிலும் கண்ட மூன்று கூட்டத்தை நினைக்காமல் அதை என்னால் படிக்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வியை மூடிவைக்க முடியாது. படலத்தைத் துடைத்தால் அழற்சி போய்விடும் என்று 1965இலேயே நிறுவியவர் லோ. 1970இல் அவருடைய குழு இந்த இளைஞர்களின் வாயைப் பார்த்தபோது என்ன செய்தால் அழற்சி அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆய்வின் நோக்கமோ தடையில்லாமல் ஓடும் நோயின் இயல்பான போக்கைப் பார்ப்பது. மனிதர்மேல் ஆய்வு செய்வோருக்கான ஹெல்சிங்கி நெறிமுறை 1964இலேயே எழுதப்பட்டிருந்தது. துலக்காத வாய்க்கும் சிகிச்சை எட்டாத லயத்துக்கும் பொறுப்பு ஆராய்ச்சியாளர் அல்லர் என்பது உண்மை. தோட்ட நிர்வாகமும் அடுத்தடுத்து வந்த அரசுகளும் பல தலைமுறையாக விட்ட குறை அது. ஆனாலும் பல் ஒவ்வொன்றாக விழுவதைப் பதினைந்து ஆண்டு அளந்து எழுதுவதை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அறிவு பெரியதுதான். அதற்கு விலை கொடுத்தவர்கள் அதைப் படித்தவர்கள் அல்லர்.

இன்னொரு குறையும் உண்டு. 480 பேரும் ஆண்கள். கூடை சுமந்து மலை ஏறிக் கொழுந்து எடுத்த பெண்களின் வாயை இந்த ஆய்வு அளக்கவில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு அழற்சி கூடும் என்பதை ஆராய்ந்து காட்டியவரும் லோதான். அப்படியிருந்தும் மலையகத்துப் பெண்ணின் ஈறு பற்றி இந்தப் பெரும் ஆவணத்தில் ஒரு எண்கூட இல்லை.

ஆகவே இந்தக் கடன் தீர வேண்டிய விதம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தோட்ட மருந்தகங்களில் பல்லைப் பிடுங்குவதற்கு மட்டும் ஆள் வருவது போதாது. காரை எடுக்கவும் ஈற்றை அளந்து பார்க்கவும் முறை வைத்து வரவேண்டும், தமிழில் பேசி விளக்கக்கூடியவர் வரவேண்டும். யார் அந்த 8 பேரில் ஒருவர் என்பதை முப்பது வயதுக்கு முன் கண்டுபிடித்தால் அவர் பல்லைக் காக்கும் வாய்ப்பு கூடும். அந்தப் பரிசோதனைக்கு வேண்டியது மில்லிமீட்டர் குறித்த ஒரு கம்பியும் சில நிமிடமும்தான்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரம் வரை காலையும் இரவும் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால், பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் போய் ஈற்றை அளக்கச் சொல்லுங்கள். புகையும் புகையிலையும் இருந்தால் விடுங்கள். வீட்டில் அப்பாவோ அம்மாவோ நாற்பதிலேயே பல்லை இழந்திருந்தால், பிள்ளைகளை இருபது வயதுக்குள் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள்.